பூட்டில்லா ரிங் பஃபரில் பிசகிய நேரம்: லினக்ஸ் ட்ரேசிங்கின் 2023 டிசம்பர் திருத்தங்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

லினக்ஸ் கர்னலுக்குள் நடப்பவற்றை நேரத்தோடு பதியும் கருவி எஃப்ட்ரேஸ். அது எழுதி வைக்கும் ரிங் பஃபரில் ஒரு நிகழ்வின் நேரம் 100 நானோ நொடி பிசகினால், பிசகு அந்த ஒரு நிகழ்வோடு நிற்காது. பின்னால் வரும் ஒவ்வொரு நிகழ்வும் தனக்கு முந்தையதிலிருந்து எவ்வளவு நேரம் கழித்து நடந்தது என்பதை மட்டுமே எழுதி வைக்கிறது. சங்கிலியில் ஒரு கண்ணி தவறினால் அந்தப் பக்கம் முடியும்வரை எல்லாமே தள்ளிப்போகலாம். 2023 டிசம்பரில் இந்த இடத்தில் அடுத்தடுத்துப் பல திருத்தங்கள் வந்தன. அவற்றில் இரண்டை இங்கே எண்களோடு நடத்திப் பார்க்கிறோம். முதல் திருத்தம் ஒரு தவறான ஒட்டுவேலையை நீக்கியது. அந்த ஒட்டுவேலையை நம்பி இன்னோரிடத்தில் ஓடிக்கொண்டிருந்த நிரல் கோடு அதனால் வெளிச்சத்துக்கு வந்து, இரண்டாவது திருத்தத்தைக் கேட்டது. இரண்டின் வேரும் ஒன்றே: சரிபார்க்காத ஒரு நேரத்தைச் செல்லுபடியாகும் நேரமாக எடுத்துக்கொண்டது.

பஃபரில் என்ன இருக்கிறது

ஸ்டீவன் ராஸ்டெட் எழுதிய இந்த ரிங் பஃபர் 2008-இல் 2.6.28 கர்னலில் வந்தது. அடுத்த ஆண்டு பூட்டில்லாததாக, அதாவது எழுதுபவர் பூட்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாததாக, மாற்றப்பட்டது. ஒவ்வொரு சிபியூவுக்கும் தனித்தனிப் பஃபர் உண்டு. ஒவ்வொன்றும் துணைப் பஃபர்களின் வளையம். வழக்கமாக ஒரு துணைப் பஃபர் என்பது 4096 பைட் கொண்ட ஒரு பக்கம். 64-பிட் கணினியில் அதன் முதல் 16 பைட் தலைப்புக்குப் போகும்: 8 பைட்டில் பக்கத்தின் முழு நேரமுத்திரை, 8 பைட்டில் எதுவரை எழுதி முடிந்தது என்ற கணக்கு. மீதி 4080 பைட் நிகழ்வுகளுக்கு.

ஒவ்வொரு நிகழ்வின் தலைப்பும் 32 பிட். 5 பிட் வகையையும் நீளத்தையும் சேர்த்துச் சொல்லும். 27 பிட் நேர வித்தியாசம், அதாவது டெல்டா. வகை எண் 1 முதல் 28 வரை இருந்தால் அதை 4-ஆல் பெருக்கியது தரவின் நீளம். 0 என்றால் நீளம் அடுத்த சொல்லில் இருக்கும். 29 வெற்றிடம், 30 நீட்டித்த டெல்டா, 31 முழு நேரமுத்திரை.

27 பிட்டில் 13,42,17,728 நானோ நொடி அடங்கும், சுமார் 134 மில்லி நொடி. இரண்டு நிகழ்வுகளுக்கு நடுவே அதைவிட அதிக இடைவெளி விழுந்தால், நிகழ்வுக்கு முன்னால் 8 பைட் கூடுதலாக எழுதி டெல்டாவை 59 பிட்டாக விரிக்கிறார்கள். அது 18 ஆண்டுகளுக்குப் போதும். முழு நேரமுத்திரைக்கும் அதே 59 பிட்தான். கணினி இயங்கத் தொடங்கியதிலிருந்து எண்ணும் கடிகாரத்துக்கு அது தாராளம். 1970-இலிருந்து எண்ணும் டிஏஐ (சர்வதேச அணு நேர) கடிகாரத்துக்குப் போதாது. அதனால் படிக்கும்போது மேல் 5 பிட்டை முந்தைய நேரத்திலிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும். சொந்தமாகப் படிப்பான் எழுதுபவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

இந்தச் சிக்கனத்துக்குக் காரணம் இருக்கிறது. 64-பிட் கணினியில், ஃபங்ஷன் அழைப்புகளைப் பதியும் ஃபங்ஷன் ட்ரேசரின் ஒரு பதிவு தலைப்பு 4, பொதுப் புலங்கள் 8, இரண்டு முகவரிகள் 16 என மொத்தம் 28 பைட். ஒவ்வொன்றிலும் 8 பைட் முழு நேரத்தைச் சேர்த்தால் 36 பைட். அதே நினைவகத்தில் பிடிக்கும் வரலாறு கால்வாசிக்கு அருகில் குறைந்துபோகும்.

யார் யாரைக் குறுக்கிடலாம்

ஒரு சிபியூவின் பஃபரில் அந்தச் சிபியூ மட்டுமே எழுதும். எழுதும்போது ப்ரீஎம்ப்ஷன் (ஓடும் டாஸ்க்கை நிறுத்தி வேறொன்றை ஓட்டுவது) அணைந்திருக்கும். எனவே போட்டி வேறு சிபியூக்களோடு கிடையாது, தன்னைக் குறுக்கிடுபவையோடுதான். சாதாரண டாஸ்க்கை சாஃப்ட் ஐஆர்கியூ (கர்னல் தள்ளிவைத்துச் செய்யும் இன்டரப்ட் வேலை) குறுக்கிடலாம், அதை ஹார்ட் ஐஆர்கியூ (வன்பொருள் எழுப்பும் இன்டரப்ட், அதாவது குறுக்கீடு), அதையும் என்எம்ஐ (தடுத்து வைக்க முடியாத இன்டரப்ட்). மொத்தம் நான்கு அடுக்கு. மேலே வந்தது முழுவதும் முடிந்த பிறகே கீழே இருந்தது தொடரும். இரண்டு எழுத்தர்கள் மாறி மாறி ஓடுவது இங்கே நடக்காது.

இந்த அடுக்கு ஒழுங்குதான் முழு வடிவமைப்பின் பிடிமானம். இடம் பிடிக்க ஒரே ஒரு கூட்டல் போதும்: எழுத்து நிலையோடு (பக்கத்தில் எதுவரை இடம் பிடிக்கப்பட்டது என்ற எண்) நிகழ்வின் நீளத்தைக் கூட்டி, வந்த விடையை எடுத்துக்கொள்வது. எக்ஸ்86-இல் அது லாக் முன்னொட்டு (மற்ற சிபியூக்கள் நடுவில் புகாமல் தடுக்கும் குறி) இல்லாத ஒற்றைக் கட்டளை. யார் முதலில் கூட்டுகிறார்களோ அவர்கள் முதல் இடத்தைப் பிடிக்கிறார்கள்.

நேரத்தில்தான் சிக்கல். கடிகாரத்தைப் படிப்பதும் இடத்தைப் பிடிப்பதும் இரண்டு தனிச் செயல்கள். நடுவில் இன்டரப்ட் வந்தால், பின்னால் தொடங்கிய நிகழ்வு பஃபரில் முன்னால் உட்காரும். அப்போது 'முந்தைய நிகழ்வு' என்று நாம் நினைத்திருந்தது இனி முந்தையதாக இருக்காது. அதை வைத்துப் போட்ட டெல்டாவும் பொய்.

5.9 கர்னல் வரை, அதாவது 2020 வரை, இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று இருந்தது: எழுதிக்கொண்டிருக்கும் நிகழ்வைக் குறுக்கிட்டு வந்த எல்லா நிகழ்வுகளுக்கும் டெல்டா 0. வரிசை சரியாக இருக்கும். இன்டரப்டுக்குள் எது எவ்வளவு நேரம் எடுத்தது என்பது மட்டும் தொலைந்துபோகும். தாமதத்தைத் துருவுபவருக்குத் தேவையான இடமே அதுதான். 5.9-இல் குறுக்கிட்ட நிகழ்வுகளுக்கும் உண்மையான நேரம் கிடைத்தது. அதற்காகக் கொண்டுவந்த முறையைப் புரிந்துகொண்டால் மீதிக் கதை எளிது.

இரண்டு முத்திரைகள்

ஒவ்வொரு சிபியூ பஃபரிலும் இரண்டு நேரங்கள் சேமிக்கப்படுகின்றன. 'பிஃபோர் ஸ்டாம்ப்' என்பதை முன்முத்திரை என்றும், 'ரைட் ஸ்டாம்ப்' என்பதை எழுத்துமுத்திரை என்றும் சொல்வோம். எழுத்தர் செய்வது இது:

அ. எழுத்து நிலையையும் இரண்டு முத்திரைகளையும் படித்துக்கொள்கிறார். பிறகு கடிகாரத்தைப் படிக்கிறார். இரண்டு முத்திரைகளும் சமமாக இல்லையென்றால் டெல்டாவை நம்ப முடியாது. முழு நேரமுத்திரைக்காக 8 பைட் கூடுதலாகக் கேட்கிறார்.

ஆ. தன் நேரத்தை முன்முத்திரையில் எழுதுகிறார்.

இ. எழுத்து நிலையோடு நீளத்தைக் கூட்டி இடம் பிடிக்கிறார்.

ஈ. பிடித்த இடம் 'அ'-வில் பார்த்த நிலையிலேயே தொடங்கினால் நடுவில் யாரும் வரவில்லை. தன் நேரத்தை எழுத்துமுத்திரையில் எழுதுகிறார். இது நேர்வழி.

உ. இடம் தள்ளிப் போயிருந்தால் 'அ'-வுக்கும் 'இ'-க்கும் நடுவில் யாரோ வந்து எழுதியிருக்கிறார்கள். அப்போது மெதுவழி.

முன்முத்திரை 'நான் எழுதப் போகிறேன்' என்ற அறிவிப்பு. எழுத்துமுத்திரை 'எழுதிவிட்டேன்' என்ற உறுதி. இரண்டும் சமம் என்றால் மட்டுமே எழுத்துமுத்திரை பஃபரின் கடைசி நிகழ்வின் நேரம். சமமில்லை என்றால் அதில் என்ன எண் இருந்தாலும் தள்ளிவிட வேண்டியதுதான். அதனால் வரும் நட்டம் அடுத்த நிகழ்வில் 8 பைட் மட்டுமே. கீழே வரும் பிழைகளை எல்லாம் இந்த ஒரு விதியை வைத்தே எடை போடலாம்.

முதல் பிழை: சமமாக்கி வைத்தது

5.9-இன் கோட்டில் 'ஈ'-க்குப் பிறகு இன்னொரு படி இருந்தது. தன் நேரத்தை எழுத்துமுத்திரையில் எழுதிய பின், முன்முத்திரையில் தன் எண்ணே இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் 'இ'-க்கும் 'ஈ'-க்கும் நடுவில் யாரோ வந்துபோனார்கள், அவர்களின் புதிய நேரத்தை நாம் பழைய நேரத்தால் அழித்துவிட்டோம் என்று பொருள். உடனே முன்முத்திரையில் உள்ள எண்ணை எடுத்து, அது பெரிதாக இருந்தால், எழுத்துமுத்திரையில் திரும்ப வைக்கும். நல்ல எண்ணத்தில் செய்த வேலை. அது எங்கே உடைகிறது என்று பார்ப்போம்.

எழுத்து நிலை 800. இரண்டு முத்திரைகளும் 5,000. எல்லா நேரமும் நானோ நொடியில்.

டாஸ்க்: நேரம் 9,000, டெல்டா 4,000. முன்முத்திரை = 9,000. இடம் 800 முதல் 828 வரை. 'ஈ'-க்கு முன் ஹார்ட் ஐஆர்கியூ வருகிறது.

ஹார்ட் ஐஆர்கியூ: முத்திரைகள் 9,000 மற்றும் 5,000, சமமில்லை, முழு நேரத்துக்கு இடம் கேட்கிறது. நேரம் 9,400. முன்முத்திரை = 9,400. இடம் பிடிக்கும் முன் என்எம்ஐ வருகிறது.

என்எம்ஐ: முத்திரைகள் 9,400 மற்றும் 5,000, சமமில்லை. நேரம் 9,600. முன்முத்திரை = 9,600. இடம் 828 முதல் 864 வரை. எழுத்துமுத்திரை = 9,600. முழு நேரமாக 9,600 பதிவாகிறது. திரும்புகிறது.

ஹார்ட் ஐஆர்கியூ: இடம் 864 முதல் 900 வரை. 828-இல் தொடங்கும் என்று நினைத்திருந்தது, எனவே மெதுவழி. எழுத்துமுத்திரை 9,600. புதிதாகக் கடிகாரத்தைப் படித்தால் 9,700. டெல்டா 100; எழுத்துமுத்திரை = 9,700. இதுவரை சரி. முன்முத்திரை மட்டும் 9,600 ஆகவே நிற்கிறது. திரும்புகிறது.

டாஸ்க்: எழுத்துமுத்திரை = 9,000. முன்முத்திரையைப் பார்க்கிறது: 9,600, தன்னுடையது இல்லை. எழுத்துமுத்திரையில் 9,600 வைக்கிறது.

இப்போது இரண்டு முத்திரைகளும் 9,600, சமம். ஆனால் பஃபரின் கடைசி நிகழ்வு ஹார்ட் ஐஆர்கியூவுடையது, அதன் நேரம் 9,700. அடுத்த நிகழ்வு 10,000-இல் வருகிறது. முத்திரைகள் சமம் என்பதால் நம்பி, டெல்டா 400 என்று எழுதுகிறது. படிப்பவர் 9,700-ஓடு 400-ஐக் கூட்டி 10,100 என்று காட்டுவார்.

100 நானோ நொடிப் பிசகு இப்போது சங்கிலிக்குள் புகுந்துவிட்டது. முத்திரைகள் சமமாகவே தொடர்வதால் பின்வரும் எல்லா நிகழ்வுகளும் அதைச் சுமந்துகொண்டே போகும். பக்கம் மாறும்போது புதிய பக்கத்தின் முழு நேரமுத்திரை கணக்கைச் சரிசெய்யும். அந்த எல்லையில் பழைய பக்கத்தின் கடைசி நிகழ்வு புதிய பக்கத்தின் முதல் நிகழ்வைவிடப் பிந்தியதாகத் தெரியலாம்.

திருத்தம் மிக எளிது: அந்தத் திரும்ப வைக்கும் படியையே நீக்கிவிட்டார்கள். முத்திரைகள் சமமில்லாமல் இருக்கட்டும். அடுத்து வருபவர் 8 பைட் செலவழித்து எல்லாவற்றையும் நேராக்கிவிடுவார். கூடவே 64-பிட் ஒப்பிட்டு-மாற்றும் செயல் (எண் எதிர்பார்த்தபடி இருந்தால் மட்டும் மாற்றுவது) ஒன்றும் கோட்டிலிருந்து ஒழிந்தது.

இரண்டாவது பிழை: இடத்தைப் பார்த்து நேரத்தை நம்பியது

ஒட்டுவேலை போனதும் மெதுவழியின் பலவீனம் தெரிந்தது. அன்றைய மெதுவழி இப்படி இருந்தது: எழுத்துமுத்திரையைப் படி, கடிகாரத்தைப் படி, எழுத்து நிலை என் நிகழ்வின் முடிவிலேயே இருக்கிறதா, எழுத்துமுத்திரை என் நேரத்தைவிடக் குறைவா, அதை ஒப்பிட்டு மாற்ற முடிந்ததா என்று பார், மூன்றும் சரியென்றால் வித்தியாசமே டெல்டா. இல்லையென்றால் டெல்டா 0.

எனக்குப் பிறகு யாரும் இடம் பிடிக்கவில்லை என்பதை எழுத்து நிலை சொல்லும். எனக்கு முன்னால் உட்கார்ந்தவரின் நேரம்தான் எழுத்துமுத்திரையில் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. இரண்டும் ஒன்றே என்று அந்தக் கோடு எடுத்துக்கொண்டது.

மறுபடியும் நிலை 800, முத்திரைகள் இரண்டும் 5,000.

டாஸ்க்: நேரம் 9,000. முன்முத்திரை = 9,000. இடம் பிடிக்கும் முன் சாஃப்ட் ஐஆர்கியூ.

சாஃப்ட் ஐஆர்கியூ: சமமில்லை, முழு நேரம். நேரம் 9,400. முன்முத்திரை = 9,400. இடம் 800 முதல் 836 வரை. எழுத்துமுத்திரையை மாற்றும் முன் ஹார்ட் ஐஆர்கியூ.

ஹார்ட் ஐஆர்கியூ: சமமில்லை, முழு நேரம். நேரம் 9,900. முன்முத்திரை = 9,900. இடம் 836 முதல் 872 வரை. எழுத்துமுத்திரை = 9,900. திரும்புகிறது.

சாஃப்ட் ஐஆர்கியூ: எழுத்துமுத்திரை = 9,400. முன்முத்திரை 9,900, சமமில்லை. திரும்ப வைப்பவர் இப்போது இல்லை.

டாஸ்க்: இடம் 872 முதல் 900 வரை. மெதுவழி. எழுத்துமுத்திரை 9,400, கடிகாரம் 10,600. நிலை மாறவில்லை, 9,400 குறைவு, மாற்றமும் வெற்றி. டெல்டா 1,200.

பஃபரில் டாஸ்க்கின் நிகழ்வுக்கு முன்னால் இருப்பது 9,900-இல் நடந்த ஹார்ட் ஐஆர்கியூ நிகழ்வு. படிப்பவர் 9,900-ஓடு 1,200-ஐக் கூட்டி 11,100 என்று காட்டுவார், உண்மை 10,600. அடுத்து 10,800-இல் ஒரு நிகழ்வு வந்தால், முத்திரைகள் சமமில்லாததால் அது முழு நேரத்தோடு வரும். பட்டியலில் 11,100-க்குக் கீழே 10,800 நிற்கும். ஒரே சிபியூவில் நேரம் பின்னோக்கி ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தாமதத்தைக் குறியில்லா 64-பிட் எண்ணில் கழிக்கும் எந்தக் கருவியும் நூற்றாண்டுக் கணக்கில் ஒரு விடையைத் தரும்.

ஒட்டுவேலை இருந்த காலத்தில் இதே நிகழ்வுவரிசை சரியாகவே முடிந்திருக்கும்: சாஃப்ட் ஐஆர்கியூ 9,900-ஐத் திரும்ப வைத்திருக்கும், மெதுவழி 700 என்று சரியான டெல்டாவைப் போட்டிருக்கும். ஒரு பிழை இன்னொன்றை இப்படித்தான் மறைத்து வைத்திருந்தது.

திருத்திய மெதுவழி

முதலில் முன்முத்திரையைப் படித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கடிகாரம். அந்தப் புதிய நேரத்தை உடனே முன்முத்திரையில் எழுத வேண்டும். அதன் பிறகே எழுத்துமுத்திரையைப் படிக்க வேண்டும். எழுத்து நிலை மாறவில்லை, எழுத்துமுத்திரை நாம் முதலில் எடுத்துவைத்த முன்முத்திரைக்குச் சமம், அது நம் நேரத்தைவிடக் குறைவு: மூன்றும் பொருந்தினால் வித்தியாசம் டெல்டா. ஒன்று தவறினாலும் 0. எழுத்துமுத்திரையை மெதுவழி தொடுவதே இல்லை.

மேலே உள்ள எடுத்துக்காட்டில்: எடுத்துவைத்தது 9,900, எழுத்துமுத்திரை 9,400, சமமில்லை, டெல்டா 0. டாஸ்க்கின் நிகழ்வு 9,900 என்று தெரியும். உண்மையிலிருந்து 700 நானோ நொடி விலகல்தான். ஆனாலும் வரிசை குலையாது, நேரம் பின்னால் போகாது, அடுத்த நிகழ்வு 10,800 என்று சரியாக வரும். ஹார்ட் ஐஆர்கியூ வராமல் சாஃப்ட் ஐஆர்கியூ மட்டும் வந்திருந்தால் இரண்டு முத்திரைகளும் 9,400, டெல்டா 1,200, காட்டும் நேரம் 10,600, துல்லியம்.

டெல்டா 0 வெறும் கைவிடல் என்று தோன்றலாம். அதில் கணக்கு இருக்கிறது. டாஸ்க் இடம் பிடித்த பிறகு, முன்முத்திரையைப் புதுப்பிக்கும் முன் ஓர் இன்டரப்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது இரண்டு முத்திரைகளும் 9,400 என்று சமமாக இருந்தால், அந்த இன்டரப்ட் தன் டெல்டாவை 9,400-இலிருந்து போடும். ஆனால் பஃபரில் 9,400-க்கும் அதற்கும் நடுவே டாஸ்க்கின் நிகழ்வு ஏற்கெனவே இடம் பிடித்து நிற்கிறது. டாஸ்க் தன் டெல்டாவாக 0 தவிர வேறு எந்த எண் போட்டாலும் இன்டரப்டின் நேரம் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். 0 போட்டால் மட்டுமே பின்னால் உள்ளவர்களின் கணக்கு நிற்கும். ஒரு நிகழ்வின் துல்லியத்தை விட்டுக்கொடுத்து மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றும் முடிவு இது. சரியான முடிவு என்றே நாங்கள் கருதுகிறோம்.

முன்முத்திரையை எழுத்துமுத்திரைக்கு முன்பே புதுப்பிப்பதும் அதே காரணத்துக்குத்தான். அதற்குப் பிறகு வரும் எந்த இன்டரப்டும் சமமின்மையைப் பார்த்து முழு நேரத்தோடு வரும். நம் டெல்டாவைச் சாராது. இந்த இரண்டு படிகளை இடம் மாற்றினால் முறை உடையும். கம்பைலர் அவற்றை மாற்றிவிடாதபடி நடுவில் தடை வைப்பதும் அதனால்தான்.

மெதுவழிக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. நீளம் 'இ'-யில் முடிவாகிவிட்டது. மெதுவழியில் நுழைந்த பிறகு முழு நேரம் வேண்டும் என்று தோன்றினாலும் 8 பைட் கூடுதலாகக் கேட்க முடியாது. முன்பே கேட்டிருந்தால் அந்த இடம் நீட்டித்த டெல்டாவுக்குப் பயன்படும், அவ்வளவுதான்.

அதே வகை, வேறு இடங்கள்

பக்கம் நிரம்பி அடுத்த பக்கத்துக்குத் தாவும்போதும் முன்முத்திரையைப் பழைய எண்ணுக்குத் திருப்பிச் சமமாக்கும் ஒரு படி இருந்தது. அதுவும் அதே மாதத்தில் நீக்கப்பட்டது. புதிய பக்கத்தின் முதல் நிகழ்வு பக்கத் தலைப்பின் நேரத்தையே எடுத்துக்கொள்ளும். அதன் டெல்டா 0. அங்கே முத்திரைகளைச் சமமாக்கத் தேவையே இல்லை.

நிகழ்வைக் கைவிடும் இடம் இன்னும் நுட்பமானது. வடிகட்டி ஒரு நிகழ்வை வேண்டாம் என்றால், அதுவே கடைசியாக இருக்கும் பட்சத்தில் எழுத்து நிலை பின்னுக்கு நகர்ந்து அந்த இடம் திரும்பப் பெறப்படும். அதன் நேரம் மட்டும் எழுத்துமுத்திரையில் தங்கிவிடும். பஃபரில் இல்லாத ஒரு நிகழ்விலிருந்து அடுத்தவர் டெல்டா போட்டால் அதுவும் பிழை. இங்கே செய்தது, முன்முத்திரையில் 0 எழுதுவது. சமமின்மை உறுதியாகிறது, அடுத்தவர் முழு நேரத்தோடு வருவார்.

பிடிப்பது எப்படி

இரண்டாவது பிழைக்கு மூன்று அடுக்குகள் வேண்டும். அதிலும் முதல் குறுக்கீடு சில கட்டளைகளே நீளமுள்ள இடைவெளியில் விழ வேண்டும். சில டிரேஸ்பாயின்ட்களை (கர்னல் கோட்டில் முன்பே வைத்த பதிவுப் புள்ளிகள்) மட்டும் இயக்கி இதை எதிர்பார்க்க முடியாது. ஃபங்ஷன் ட்ரேசரை எல்லா ஃபங்ஷன்களுக்கும் இயக்கினால் நிகழ்வுகள் இடைவிடாமல் கொட்டும். அப்போது வாய்ப்பு கூடும்.

கர்னலை ரிங் பஃபர் நேர டெல்டாக்களைச் சரிபார்க்கும் விருப்பத்தோடு கட்ட வேண்டும். கட்டமைப்புப் பட்டியலில் ட்ரேசர்கள் பகுதியில் இருக்கிறது. குறுக்கீடில்லாத ஒவ்வொரு நிகழ்விலும் அந்தப் பக்கத்தின் எல்லா டெல்டாக்களையும் கூட்டி நடப்பு நேரத்தோடு ஒப்பிடும். எழுதும் வேகம் வெகுவாகக் குறையும்; உற்பத்தியில் ஓடும் கணினியில் இதை இயக்கவே கூடாது. பிறகு ஃபங்ஷன் ட்ரேசரை இயக்கி, நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் கொட்டிச் சாஃப்ட் ஐஆர்கியூவை எழுப்பி, பெர்ஃப் கருவியின் மாதிரியெடுப்பை அதிக அதிர்வெண்ணில் ஓட்டி என்எம்ஐகளை வரவழைக்க வேண்டும். என்எம்ஐ கையாளும் ஃபங்ஷன்களும் ட்ரேஸ் ஆவதால் நான்கு அடுக்கும் பஃபரில் எழுதும்.

முதல் பிழை 'நேரம் பொருந்தவில்லை' என்ற எச்சரிக்கையாக வரும், எதிர்பார்த்ததும் கிடைத்ததும் எண்களாக இருக்கும். இரண்டாவது 'முழு நேரம் பின்னோக்கிப் போனது' என்று வரும். எச்சரிக்கையோடு அந்தப் பக்கத்தின் நிகழ்வுகள் கர்னல் பதிவில் கொட்டப்படும்; அந்தச் சிபியூவில் பதிவு நின்றுவிடும். கொட்டப்பட்டதில் முழு நேரமுத்திரைகள் எங்கெங்கே வருகின்றன என்று முதலில் பாருங்கள். எந்த எழுத்தர் எந்தப் படியில் குறுக்கிடப்பட்டார் என்பதை அவையே காட்டிக்கொடுக்கும்.

கர்னலை மறுபடி கட்ட முடியாத இடத்தில், எஃப்ட்ரேஸை இயக்கிப் படிக்கும் கருவியான ட்ரேஸ்-சிஎம்டியின் ரிப்போர்ட் கட்டளையில் நேரச் சரிபார்ப்பு விருப்பத்தைக் கொடுத்தால், நேரம் பின்னே போகும் இடங்களை எச்சரிக்கும். ஆனால் ஒரு சிபியூவின் தரவை மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். வழக்கமான 'லோக்கல்' கடிகாரம் சிபியூக்களுக்கு இடையே ஒத்திசைந்திருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. இரண்டு சிபியூக்களின் வரிகள் முன்பின்னாக வருவது அதில் இயல்பு. ஒரே சிபியூவுக்குள் நேரம் பின்னே போனால் மட்டுமே இந்த வகைப் பிழையைச் சந்தேகிக்கலாம். அதேபோல் 'டெல்டா மிகப் பெரிது' என்ற எச்சரிக்கை, கணினியை உறக்கத்திலிருந்து எழுப்பியதும் வந்தால், கடிகாரம் தாவியதுதான் காரணமாக இருக்கும். 'குளோபல்' கடிகாரத்துக்கு மாற்றச் சொல்லி அந்த எச்சரிக்கையே வழி காட்டும். கடிகாரத்தை மாற்றினால் பஃபர் காலியாகிவிடும், தேவையானதை முதலில் எடுத்து வையுங்கள்.

ஃபங்ஷன் கிராஃப் ட்ரேசரின் கால அளவுகள் இந்தப் பிழைகளால் கெடாது. தொடக்க நேரமும் முடிவு நேரமும் நிகழ்வின் தரவுக்குள்ளேயே தனியாக எடுக்கப்பட்டவை. ஒரே ட்ரேஸில் கால அளவு சரியாகவும் நேர வரிசை குழம்பியும் தெரிந்தால், ரிங் பஃபரின் டெல்டாச் சங்கிலியைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அது நல்ல தடயம்.

32-பிட் கணினிகளும் மாற்று வடிவமைப்பும்

5.9-இன் முறைக்கு 64-பிட் ஒப்பிட்டு-மாற்றல் தேவைப்பட்டது. 32-பிட் கணினியில் அது மெதுவானது என்று கருதி, நேரத்தை முதலில் இரண்டு, பிறகு மூன்று 32-பிட் சொற்களாக உடைத்து, ஒவ்வொன்றிலும் 2 பிட் எண்ணி வைத்திருந்தார்கள். எண்ணிகள் பொருந்தாவிட்டால் படித்தது அரைகுறை என்று அர்த்தம். அந்தப் பகுதியே பல நுண்பிழைகளுக்கு இடமானது. மெதுவழித் திருத்தத்தோடு ஒப்பிட்டு-மாற்றலின் தேவை ஒவ்வொன்றாக ஒழிந்ததால், பிறகு அந்த 32-பிட் கோடு முழுவதும் நீக்கப்பட்டது. இரண்டு வகைக் கணினிகளிலும் இப்போது ஒரே முறை ஓடுகிறது. இந்தத் தொடரின் மிகப் பெரிய ஆதாயம் இதுதான் என்பது எங்கள் கருத்து.

எல்டிடிஎன்ஜி என்ற இன்னொரு லினக்ஸ் ட்ரேசிங் கருவி வேறு வழியில் போனது. அங்கே கடிகாரத்தைப் படிப்பதும் இடம் பிடிப்பதும் ஒரே சுழற்சிக்குள் நடக்கின்றன. ஒப்பிட்டு-மாற்றல் தோற்றால் கடிகாரத்தையும் மறுபடி படித்து மறுபடி முயலும். அதன் சுருக்கத் தலைப்பிலும் 5 பிட் அடையாளம், 27 பிட் நேரம்தான். ஆனால் அந்த 27 பிட் டெல்டா இல்லை, முழு நேரத்தின் கீழ்ப்பகுதி. ஒரு நிகழ்வின் எண் தவறினாலும் அடுத்ததன் கணக்கு அதை அப்படியே சுமக்காது. அதற்கான விலை, குறுக்கிடப்படும்போது சுழற்சியை மீண்டும் ஓட்டுவது. எஃப்ட்ரேஸில் இடம் பிடிப்பது ஒரே கூட்டலில் முடிகிறது, மறுமுயற்சி இல்லை. அதற்கு ஈடாகத்தான் இரண்டு முத்திரைகளைக் காவல் வைக்க வேண்டியிருக்கிறது.

சொந்த ரிங் பஃபரில் டெல்டா முறையை எடுப்பவர்கள் மூன்று இடங்களை முதலில் சோதிக்க வேண்டும்: இடம் பிடித்த பிறகு நேரத்தைச் சேமிக்கும் முன் வரும் குறுக்கீடு, பிடித்த இடத்தைக் கைவிடுதல், பக்க எல்லையைத் தாண்டுதல். ஒவ்வொன்றிலும் இரண்டு அடுக்குக் குறுக்கீடு போதாது, மூன்று அடுக்கு வரை நடத்திப் பாருங்கள். மேலே கண்ட இரண்டு பிழைகளும் இரண்டு அடுக்கில் தலைகாட்டவே காட்டாதவை.